விதானையார் பேசிய வரி

போன கிழமை கஜானி தொலைபேசியில் அழைத்தாள். மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் நான் ஓய்வு பெற்றபோது விட்டுவந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள்தான்.

"அக்கா, நீங்க முந்தி ஒரு கம்பியூட்டர் கேமுக்குத் தமிழ் எழுதினீங்களாமே? மிதிவெடி பற்றின கேம். அத ஆரோ இன்டர்நெட்டில போட்டிருக்காங்க. அதில வாற ஒரு வரி பிழையாம். அதுக்குக் கீழ கமென்ட்ல பெரிய சண்ட நடக்குது."

"எந்த வரி?"

"விதானையார் சொல்லுறது. 'எனக்கு வந்து சொல்லு மனே. நானும் தொடமாட்டன்.' 'என்னிடம்' எண்டுதான் வரவேணுமாம். 'மாட்டன்' கொச்சையாம். எழுதினவருக்குத் தமிழே தெரியாதாம். சரியா பிழையா எண்டு ஒரு வார்த்த சொல்லுங்க அக்கா, நான் அங்க போட்டுவிடுறன்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. பிழை பார்த்துப் பார்த்தே கண்ணாடியின் தடிப்பைக் கூட்டிக்கொண்டு போனவள் நான். எனக்குத் தமிழ் தெரியாதாம்! ஆனால் கோபம் இறங்கிய பிறகு யோசித்தால், அவள் கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் இல்லை. அந்த வரியை நான் எழுதவும் இல்லை. ஆகவே இருந்து விரிவாக எழுதுகிறேன். பொறுமை உள்ளவர்கள் வாசிக்கட்டும்.

நான் தேற்றாத்தீவுக்காரி. படிப்பு முடிந்த கையோடு மட்டக்களப்பு நகரில் ஓர் அச்சகத்தில் பிழை பார்க்கச் சேர்ந்தேன். வேலை பழகிய கதையை நீட்டி முழக்க மாட்டேன். முதல் வருடம் முழுக்க ஏச்சு வாங்கினேன், இரண்டாம் வருடம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ஏசியவர் அங்கே பிழை பார்ப்பவர்களுக்கெல்லாம் மூத்தவரான நல்லதம்பி ஐயா. ஏசினார் என்று சொல்வதும் பிழை. அவர் ஒருநாளும் யாரையும் ஏசியதில்லை. அதுதான் தாங்க முடியாதது.

அரைக்கை வெள்ளைச் சட்டை, காதுக்கு மேலே சிவப்புப் பென்சில், கையில் மரத்தால் செய்த அடிமட்டம். நான் பார்த்துக் கொடுத்த தாளை மேசையில் விரித்து, கடைசி வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைப்பார். அங்கிருந்து ஒவ்வொரு வரியாக மேலே ஏறுவார். மேலிருந்து வாசித்தால் கதை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், எழுத்து கண்ணில் படாது என்பது அவர் கணக்கு. எங்காவது பிழை கண்டால் காட்டித்தர மாட்டார். தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, "இன்னொருக்கா வாசி புள்ள" என்பார். வாசிப்பேன். அகப்படாது. "இன்னொருக்கா." ஒருநாள் ஒரு கல்யாணக் காட், அழைப்பிதழ், அதைப் பதினொரு தடவை வாசித்தேன். பதினோராவது தடவை மாப்பிள்ளையின் தகப்பனார் பெயரில் எழுத்தின் மேல் ஒரு குற்று, புள்ளி, இல்லாதது தெரிந்தது. அன்றைக்கு அந்த அடிமட்டத்தை எடுத்து வாவிக்குள் வீச வேண்டும் போல இருந்தது.

பிறகு சண்டை மூண்டது. கல்யாணக் காட் குறைந்து, மரண அறிவித்தல் கூடியது. ஈய எழுத்தைக் கையால் கோத்து அச்சடித்த காலம். ஓர் அறிவித்தல் அடித்து முடிந்தால் எழுத்துக்களைக் கலைத்து அந்தந்தப் பெட்டிக்குள் திரும்பப் போடவேண்டும். அதற்கு நேரமில்லாமல் போனது. 'காலமானார்', 'அன்புப் புதல்வரும்', 'பாசமிகு சகோதரரும்' எல்லாவற்றையும் கட்டியபடியே வைத்துக்கொண்டு, பெயர்களை மட்டும் பிடுங்கி மாற்றினோம். மட்டக்களப்பில் அன்றைக்கு எல்லா அச்சகமும் செய்த வேலைதான் அது.

அமிர்தகழியிலிருந்து ஒரு தகப்பன் வந்தார். இருபது வயது மகன் போய்விட்டான். அவனுக்கு மூத்தவன் ஒருத்தன் முந்திய வருடம் காணாமல் போனவன். நான் பெயர்களைப் பார்த்தேன். எல்லாம் சரி. தகப்பனிடம் தாளைக் காட்டி "சரியா ஐயா?" என்றேன். "ஓம்" என்று தலையாட்டினார். அடித்துக் கொடுத்தோம். சந்தி, மதில், கரண்ட் கம்பம் எல்லாம் ஒட்டியாயிற்று.

அடுத்த நாள் தாய் வந்தாள். கையில் ஒரு நோட்டீஸ், சுவரிலிருந்து ஈரத்தோடு உரித்தது. அதை என் மேசையில் வைத்தாள்.

"எனக்கு ரெண்டு புள்ள. ஒண்டுக்குத்தான் நோட்டீஸ் கேட்டம். நீங்க ரெண்டுக்கும் அடிச்சிட்டிங்க."

பார்த்தேன். முந்திய வீட்டு அறிவித்தலில் இருந்த 'காலஞ்சென்ற' என்ற சொல் கலைக்கப்படாமல் அப்படியே கிடந்து, காணாமல் போன மூத்தவனின் பெயருக்கு முன்னால் ஏறியிருந்தது. நான் பெயர்களைப் பார்த்தேனே தவிர, பெயருக்கு முன்னால் நின்றதைப் பார்க்கவில்லை. அந்தத் தாய் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அவன் செத்திட்டானெண்டு ஆரு உங்களுக்குச் சொன்னது?" என்று மட்டும் கேட்டாள். உண்மையாகவே எங்களுக்கு ஏதோ செய்தி தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள்.

நல்லதம்பி ஐயா புதிதாக அடிக்கச் சொல்லிவிட்டு, பசை வாளியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கினார். நான் பின்னால் போனேன். ஒட்டியிருந்த ஒவ்வொன்றையும் நகத்தால் சுரண்டி உரித்து, புதியதை ஒட்டி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அச்சகத்துப் பெரிய மனிதர் சுவர் சுவராய்ச் சுரண்டுவதை ஊர் பார்த்தது. அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அதற்கு அடுத்த நாளிலிருந்து ஒரு சட்டம் வந்தது. அறிவித்தல் அடிக்க வருகிறவருக்கு வாசித்துக் காட்டுவோம். பிறகு தாளைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, "இதில என்ன இரிக்கி? உங்கட வாயால சொல்லுங்க" என்று கேட்போம். சனம் ஏசியது. செத்த வீட்டுக்காரரிடம் பாடம் கேட்கிறார்கள் என்று ஒருத்தர் அடிக்கவே வந்தார். ஐயா அசையவில்லை. "தலையாட்டுறது வாசிக்கிறதில்ல. அவங்க வாயால திரும்பி வாறதுதான் நாம எழுதினது" என்பார். அப்படிக் கேட்டுக் கேட்டு எத்தனை பிழையைப் பிடித்தோம் என்பதற்கு என்னிடம் கணக்கில்லை. எனக்குத் தெரிந்து அதற்குப் பிறகு உயிரோடிருந்த யாரையும் நாங்கள் சாகடிக்கவில்லை.

வருடங்கள் போயின. அச்சகம் மூடியது. போர் நிறுத்தம் என்று சொல்லிக்கொண்ட காலத்தில் ஒரு தொண்டு நிறுவனம் ஐயாவை மொழி பார்க்கக் கூப்பிட்டது. அவர் "இந்தப் புள்ளையும் வந்தா வாறன்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கேதான் இந்தக் கேம்.

வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்களில் மிதிவெடியும் வெடிக்காத குண்டும் கிடந்தன. பிள்ளைகளுக்கு அதைப் பற்றிச் சொல்லவேண்டும். கடதாசியில் கொடுத்தால் அதில் கடலை சுற்றிவிடுகிறார்கள், கம்பியூட்டரில் விளையாட்டாகக் கொடுப்போம் என்று முடிவெடுத்தார்கள். காத்தான்குடி றிஸ்வான் அதைச் செய்தான். கெட்டிக்காரன். ஒரு சிறுமி கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு வட்டைக்குள்ளால், அதாவது வயல்வெளிக்குள்ளால், மழைக்கு முன் வீட்டுக்குப் போகவேண்டும். வழியில் புல்லுக்குள் ஏதோ மினுங்கும். தொட்டால் திரை வெள்ளையாகிவிடும், ஆட்டம் முடிந்தது. தொடாமல் நின்றால் ஒரு மைனா வந்து புத்தி சொல்லும்.

மைனா என்ன சொல்லவேண்டும் என்பதில்தான் போர் தொடங்கியது. கொழும்பு அலுவலகம் அனுப்பிய வரி இது: "இனந்தெரியாத பொருட்களைக் கண்ணுற்றால் தொடுதலைத் தவிர்த்து, பெரியோருக்கு அறியத்தரவும்."

றிஸ்வான் தலையைச் சொறிந்தான். "என்னக்கா இது, மைனா அரசாங்கக் கந்தோர்ல வேல செய்யுதா?"

நான் அதை வெட்டிவிட்டு, "தொடாத! பெரியாக்களிட்ட சொல்லு" என்று எழுதினேன். ஐயா அடிமட்டத்தை வைத்தார். "தொடாதே எண்டு எழுது. இன்னொருக்கா வாசி."

"மைனா எங்கட ஊர் மைனா ஐயா. அது தொடாத எண்டுதான் சொல்லும்."

"மைனாவும் பள்ளிக்கூடம் போகட்டும். படுவான்கரைப் புள்ளையளுக்கு நல்ல தமிழ் குடுக்கப்படாதா? அதுகளுக்குக் கொச்ச போதுமெண்டு ஆரு சென்ன?"

"வெருண்டு நிக்கிற புள்ளைக்கு இலக்கணமா வேணும்?"

"வெருண்டு நிக்கிற புள்ளைக்குத்தான் சரியான சொல்லு வேணும்."

இரண்டு கிழமை இப்படிப் போனது. சும்மா சொல்லக்கூடாது, நானும் விட்டுக்கொடுக்கவில்லை, அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது கீழே சண்டை பிடிக்கிறவர்கள் சொல்கிற எல்லாவற்றையும் நாங்கள் அன்றைக்கே சொல்லி முடித்துவிட்டோம். கடைசியில் அவருக்குப் பாதி, எனக்குப் பாதி: "தொடாதே! பெரியாக்களிட்ட சொல்லு." இருவரும் ஒப்பம் வைத்தோம். கொழும்பில் ஒரு பிள்ளை இனிமையான குரலில் பேசிப் பதிந்தாள். எல்லாம் முடிந்தது என்று நான் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"இன்னும் ஆரும் திருப்பிச் சொல்லலியே" என்றார் ஐயா.

அதனால் குருமண்வெளித் துறையில் பாதை ஏறினோம். வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். மறுகரையில் மண்டூர். அங்கிருந்து வெல்லாவெளி. றிஸ்வான் கம்பியூட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். சோதனைச் சாவடியில் அதைத் திறந்து காட்டச் சொன்னார்கள். திறந்தான். காவலுக்கு நின்றவர் கன்றுக்குட்டியைப் பார்த்துச் சிரித்தார், போகவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் யோகராணி என்ற பதினொரு வயதுப் பிள்ளை விளையாடினாள். முதல் ஆட்டத்திலேயே கன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். ஐயா திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். தாளைக் கவிழ்ப்பது போலத்தான்.

"மைனா என்ன சென்னது மகள்?"

"தொடாத, பெரியாக்களிட்ட சொல்லெண்டு சென்னது."

தொடாத! நான் ஐயாவை ஒரு பார்வை பார்த்தேன். வென்றது நான்தானே. அவர் என்னைக் கவனிக்கவில்லை.

"நீ ஆரிட்ட போய்ச் சொல்லுவ?"

"விதானையாரிட்ட. வட்டைக்க என்ன கிடந்தாலும் அவரிட்டதானே சொல்லுற."

அது உண்மை. நீர் திறப்பது, மாடு கட்டுவது, வேலி அடைப்பது என்று ஒரு வட்டையின் எல்லாக் காரியத்துக்கும் வட்டை விதானையார்தான் பொறுப்பு. கட்டாக்காலி மாடோ, யாரோ விட்டுவிட்டுப் போன கத்தியோ, கண்டெடுத்தால் அவரிடம் போகும். ஐயா கேட்டுக்கொண்டே போனார்.

"மறுகா அவர் என்ன செய்வார்?"

"வந்து எடுத்துக்கிட்டுப் போவார்."

"எங்க?"

"அவர்ர வாடிக்கு. முந்தியும் எடுத்துக்கிட்டுப் போயிரிக்கார்." மற்றப் பிள்ளைகளும் ஓம் ஓம் என்றார்கள். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போலப் பார்த்தார்கள்.

றிஸ்வானின் முகம் வெளிறிவிட்டது. நாங்கள் மூவரும் நடந்து போனோம். சீனித்தம்பி விதானையார் வயற்கரையில் இருக்கும் அவருடைய காவல் குடிலில், வாடியில், இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லியான மனிதர். எங்களை இருத்தித் தயிர் தந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"ஓம் ஓம், எடுத்து வச்சிரிக்கன். வாங்க காட்டுறன்."

வாடிக்குப் பின்னால் மருதமரத்தின் கீழே ஓர் உரப்பை. அதற்குள் மிதிவெடி நான்கு கிடந்தன. நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

"புள்ளையள் கால வச்சிரும். அதான் நான் பொறுக்கிட்டன்" என்றார். "ஒண்ட மம்பட்டியால கிண்டித்தான் எடுத்த."

"ஐயோ, பயமில்லையா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"பயமில்லாம? நல்ல பயம். விதானை எண்டு பேர வச்சிக்கிட்டு நான் எடுக்காட்டி ஆரு தங்கச்சி எடுக்கிற?"

நல்லதம்பி ஐயா குரலை உயர்த்தவில்லை. "விதானையார், கதைச்சிக்கிட்டே இஞ்சால வாங்க. உங்களிட்ட ஒரு விசயம் கேக்கணும்" என்று அவரை மெல்ல மெல்ல நூறு மீற்றர் தூரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த நாள் வெடி அகற்றுகிறவர்கள் வந்து, பையை அசைக்காமல் அங்கேயே வைத்து வெடிக்கவைத்தார்கள். வாடியின் கூரை பறந்தது. மருதமரத்தில் பாதி போனது. விதானையார் தூரத்தில் நின்று தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

திரும்பும்போது பாதையில் எனக்கு ஒரே வெட்கம். 'தொடாதே'யா 'தொடாத'யா என்று இரண்டு கிழமை அடிபட்டோமே! பிள்ளைகள் தொடமாட்டார்கள். சரியாக நாங்கள் சொன்னபடி பெரியவரிடம் போய்ச் சொல்வார்கள். படுவான்கரையில் எத்தனை வட்டை, எத்தனை விதானையார்? ஒவ்வொருவரும் உரப்பையோடு புறப்பட்டு வருவார்கள். நாங்கள்தான் அனுப்பிவைக்கிறோம்.

கொழும்புக்கு எடுத்துச் சொன்னேன். மேலதிகாரி அம்மாவுக்கு விளங்கவில்லை, அல்லது நேரமில்லை. திங்கட்கிழமை சீடித் தட்டு அடிக்கப்போகிறார்கள் என்றார். "வரி இலக்கணப்படி சரிதானே? நீங்களே ஒப்பம் வைத்திருக்கிறீர்களே?"

"சரிதான் மிஸ். அதனாலதான் பயமாக் கிடக்கு. என்ட ஒப்பத்த வெட்டுங்க."

வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அப்போது படித்துக்கொண்டிருந்தார்கள், ஆனாலும் சொன்னேன். நல்லதம்பி ஐயா ஒப்பப் படிவத்தை எடுத்து, குறுக்கே சிவப்புப் பென்சிலால் 'இன்னொருக்கா வாசிக்கவும்' என்று எழுதிக் கொழும்புக்குத் தொலைநகலில் அனுப்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல் வேறொருவருக்குப் போவதைக் கண்டு எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. றிஸ்வான் இன்னும் ஒரு படி மேலே போனான். "பைல் எனக்கிட்டதானே கிடக்கு. கேட்டா காத்தான்குடில கரண்ட் இல்லெண்டு சொல்லுவன். அவங்க வந்தா பாக்கப்போறாங்க?" கடைசியில் மூன்று நாள் தந்தார்கள்.

மைனாவைத் தூக்கிவிட்டோம். அந்த இடத்தில் ஒரு விதானையாரை வரைந்தான் றிஸ்வான். குரலுக்கு யார்? சீனித்தம்பியாரையே கூப்பிட்டோம். வெள்ளை வேட்டி, சால்வையோடு பாதை ஏறி வந்தார். றிஸ்வான் வீட்டு அறையில், வெளிச்சத்தம் வராமல் யன்னலுக்குப் போர்வை கட்டியிருந்தது. நான் இந்த முறை வம்பே வேண்டாம் என்று நல்ல தமிழில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்: "என்னிடம் வந்து சொல். நானும் தொட மாட்டேன். அகற்றுபவர்களை அழைப்பேன்."

மனிதர் தடுமாறினார். வேர்த்துக் கொட்டியது. ஆறு தடவை, ஏழு தடவை. "எனக்கு வருகுதில்ல தங்கச்சி" என்றார். பிறகு தாளை மடித்து மடியில் செருகிவிட்டு, எதிரே ஒரு பிள்ளை நிற்பது போலக் குனிந்து பேசினார்.

"எனக்கு வந்து சொல்லு மனே. நானும் தொடமாட்டன். எடுக்கிற ஆக்களக் கூப்பிடுவன்."

றிஸ்வான் பதிந்துகொண்டான். நான் ஐயாவைப் பார்த்தேன். சிவப்புப் பென்சில் கையில் இருந்தது. அதை எடுத்துத் திரும்பக் காதில் செருகிக்கொண்டார்.

"என்ன ஐயா, அப்படியே விடவா?"

"அவர் வாக்குக் குடுக்கிறார் புள்ள. இன்னொருத்தன்ட வாக்கில நாம கை வைக்கேலா."

கஜானி, கீழே சண்டை பிடிக்கிறவர்களுக்கு இதைப் போடு. இதற்கு மேல் இலக்கணம் எனக்குத் தெரியாது.

அந்த வாக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லவேண்டும். தட்டுக்கள் சில பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் திரும்பவும் சண்டை தொடங்கியது. படுவான்கரைச் சனம் உடுத்த துணியோடு இந்தக் கரைக்கு ஓடிவந்தது. மாதக்கணக்கில் முகாமில் இருந்து, திரும்பிப் போய் முதல் வேளாண்மை செய்தார்கள். விளைந்து வெட்டுக்கு நின்ற நேரத்தில் வேறோர் அலுவலாக நான் வெல்லாவெளிக்குப் போனேன்.

வட்டைக்குப் போகிற வழியில் சனம் கூடி நின்று சத்தம் போட்டது. நடுவில் சீனித்தம்பி விதானையார், ஒரு குடையோடு, வழியை மறித்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்தபடி. அதற்கு அப்பால் வரம்போரத்தில் ஏதோ கிடப்பதாகப் பிள்ளைகள் வந்து சொல்லியிருக்கிறார்கள். முந்திய நாள் காலையிலிருந்து அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. வெட்டு மெஷின் ஒதுங்கி நின்றது. நெல் முற்றி உதிரத் தொடங்கியிருந்தது. முகாமில் கிடந்து வந்தவர்களுக்கு அந்த நெல்லைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

"முந்தி நீதானே எடுத்த! இப்ப என்ன, விதானையாருக்குப் பயம் வந்திட்டா?" என்று ஒருத்தன் நெருங்கினான்.

"ஓம், பயந்தான்" என்றார். "நானும் தொடமாட்டன். ஒருத்தரையும் தொட விடவுமாட்டன். ஆக்களக் கூப்பிட்டிரிக்கு. வருவாங்க."

ஏசினார்கள். அவருடைய தாயை இழுத்து ஏசினார்கள். கையை மடக்கவில்லை மனிதர். மத்தியானம் வெடி அகற்றுகிறவர்களின் வண்டி வந்த பிறகுதான் குடையை மடக்கி, வரம்பில் குந்தினார். அன்று பின்னேரம் மெஷின் இறங்கியது. ஒருத்தருக்கும் ஒரு கீறலும் இல்லை.

நல்லதம்பி ஐயா அப்போது படுக்கையில். கண் தெரியாது. நேரே அவர் வீட்டுக்குப் போய்க் கட்டிலருகே இருந்து சொன்னேன்.

"அவர் என்ன சென்ன? அவர்ர வாயால வந்தபடியே சொல்லு" என்றார்.

சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா சொல்லு புள்ள" என்றார்.

அத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான், பிழை எதுவும் இல்லாமல், அவர் அதைக் கேட்டார். நான் முதலிலிருந்து திரும்பச் சொன்னேன்.